முன்னால் போகிறவர்

டிராக் டேக்கு வருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 'நான் என்னோடதான் போட்டி போடுறேன்' என்பார்கள். கேட்க அழகாக இருக்கும், நான் நம்புவதில்லை. செப்பாங் சர்க்கிட் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். தனியாகச் சுற்றினால் என் நேரம் ஓரிடத்தில் வந்து நின்றுவிடும். முன்னால் ஒருவர் முதுகு தெரிந்தால் போதும், அடுத்த சுற்றிலேயே குறையும். அதே மோட்டார், அதே டயர். புதிதாகச் சேர்ந்தது அவரை முந்தும் ஆசை மட்டும்தான்.

இந்த ஆசை கேவலமானதா? பரிசும் இல்லை, பணமும் இல்லை. திங்கட்கிழமை எல்லாருக்கும் வேலை இருக்கிறது. ஆனாலும் நேர்பாதை முடிகிற இடத்தில், யார் கடைசியாக பிரேக் பிடிப்பது என்று இரண்டு பேர் காத்திருக்கிறோம். வேகம் இருமடங்கானால் நிறுத்தத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். நான்காம் படிவத்துப் பாடம் அது. தெரிந்துகொண்டேதான் உள்பக்கமாக நுழைகிறேன், அவர் தன் கோட்டைவிட்டு விலகமாட்டார் என்ற நம்பிக்கையில். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆபீசில் பக்கத்து மேசைக்காரரிடம்கூட நான் இவ்வளவு நம்பிக்கை வைத்ததில்லை. தோற்கடிக்கப் பார்க்கிறவரிடமேதான் உயிரைக் கொடுத்து வைக்கிறேன்.

ரெம்பிட் பையன்களுக்கும் இதே போதைதான். ஆனால் சாலையில் பிள்ளையைக் கப்சாயில் ஏற்றிக்கொண்டு வரும் அம்மா இந்த ஆட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. சர்க்கிட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டவர்கள். ரொம்ப நாளாக எனக்கு இந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

2011 அக்டோபர் 23, இதே செப்பாங், 11வது வளைவு. மார்கோ சிமோன்செல்லியின் மோட்டார் பிடி இழந்து ஓடுபாதைக்குக் குறுக்கே சறுக்கியது. பின்னால் வந்த கொலின் எட்வர்ட்ஸ், வாலன்டினோ ரோஸி இருவரின் மோட்டார்களும் அவர்மேல் மோதின. 24 வயது. ரோஸி அவருக்கு நெருங்கிய நண்பர். விலக நேரமே இல்லை. அவர்களைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. சம்மதம் அதுவரைக்கும் உதவும். என் உயிரைப் பணயம் வைக்க எனக்கு உரிமை உண்டு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். என் சாவைப் பின்னால் வருகிறவர் தலையில் ஏற்றிவிட உரிமை உண்டா? நான் கையெழுத்துப் போட்ட தாளில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். செத்தவரைப் பற்றி அவர் அதிகம் கேட்கவில்லை.

"அந்த ரோஸி பையன் அதுக்கப்புறம் எப்படிடா ஓட்டுனான்?"

ஓட்டினாரும்மா, 2021 வரைக்கும். அடுத்த வருசமே செப்பாங்குக்கும் வந்தார்.