24 கதவுகள்



லண்டனிலும் சூரிச்சிலும் வாழும் எம்மவர் பலரது வீடுகளிலே, கார்த்திகை முடியுந் தறுவாயில் ஓர் அட்டைப் பெட்டி சுவரில் ஏறுகிறது. திருவருகைக் காலக் கலண்டர் என்பது அதன் பெயர். 24 சிறு கதவுகள். மார்கழி முதலாந் திகதி தொடங்கி நாளுக்கு ஒன்றைத் திறந்தால் உள்ளே ஒரு துண்டு சொக்கலேற். பிள்ளைகளுக்கென வந்த இது இப்போது பெரியவர்களுக்கும் வருகிறது. கொக்கோ மிகுந்த கறுப்புச் சொக்கலேற், அழகிய பேழை, விலையோ பல மடங்கு. இதை வாங்கலாமா?

சொக்கலேற் தின்பது பாவமா என்பதல்ல இங்கே கேள்வி. 17ஆம் நூற்றாண்டிலே சொக்கலேற் பானம் உபவாசத்தை முறிக்குமா என இறையியலாளர் நூல்கள் எழுதி வாதாடினர். முறிக்காது என்றார் கர்தினால் பிரங்காச்சியோ. (பானத்துக்குத்தான் அந்தச் சலுகை என்பதையும் கவனிக்க!)

கேள்வி காத்திருத்தலைப் பற்றியது. 19ஆம் நூற்றாண்டு ஜேர்மனியிலே, புரட்டஸ்தாந்து குடும்பங்கள் சில வீட்டுக் கதவில் வெண்கட்டியால் 24 கோடுகள் இழுத்து வைத்தன. பிள்ளைகள் நாளுக்கு ஒரு கோட்டை அழித்தார்கள். அழித்த பிள்ளைக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. ஒரு கோடு குறைந்தது, அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பிள்ளை மறுநாள் காலை ஓடி வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக் நகரத்துக் கெகார்ட் லாங் இதனை அச்சுக் கலண்டராக்கினார். 1920களில் அதற்குச் சிறு கதவுகள் வந்தன. அப்போதும் கதவுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு படமே இருந்தது. சொக்கலேற் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்.

திருச்சபையின் திருவருகைக் காலம் கார்த்திகை 27க்கும் மார்கழி 3க்கும் இடையில் வரும் ஞாயிறன்று தொடங்குவதால், 22 நாளாகவும் இருக்கும், 28 நாளாகவும் இருக்கும். கடைப் பெட்டிக்கு எப்போதும் 24தான். குருவானவர் ஊதா உடை அணிகிறார். ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் இல்லை. அந்தக் கீதத்தை நத்தார் இரவுக்கென்று வைத்திருக்கிறோம்.

ஐந்து வயதுப் பிள்ளை ஒரு கதவோடு நிறுத்திக்கொள்வது சிறிய காரியமல்ல. பெரியவர் பலருக்கு அது முடியாது. ஆகவே பிள்ளைக்கு மலிவான பெட்டியை வாங்குங்கள் என்றே சொல்வேன். ஆனால் நினைத்த நாளில் நினைத்த சொக்கலேற்றை வாங்கக்கூடிய பெரியவருக்கு அந்தக் கதவு எதைத் தடுக்கிறது? 24 நாளும் சிறு விருந்து உண்டவருக்கு 25ஆம் நாள் எதைக் கொண்டு வரும்?

"நாளுக்கு ஒரு சிறு துண்டு, அதுவும் கசப்பு, இது மிதமல்லவா?" எனச் சிலர் கேட்பர். நியாயந்தான். ஆனால் வெறும் கட்டியாக வாங்கி நாளுக்கு ஒரு துண்டு முறித்துத் தின்றாலும் அதே மிதந்தான். அட்டைக் கதவின் துணையின்றி நிறுத்துவதால் சற்றுக் கூடுதலான மிதம். மேலதிக விலை பேழைக்குப் போகிறது.

அல்லது தோட்டக்காரனுக்குப் போகிறதா? உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ற், கானா என்னும் இரு நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே ஏறத்தாழ 15 இலட்சத்து 60 ஆயிரம் பிள்ளைகள் கொக்கோ உற்பத்தியில் உழைக்கிறார்கள் என சிக்காகோப் பல்கலைக்கழக ஆய்வு நிறுவனம் ஒன்று 2020இல் மதிப்பிட்டது. ஒரு பிள்ளை கதவைத் திறந்து மகிழ, அதே வயதுப் பிள்ளை ஒன்று கத்தியால் கொக்கோக் காயைப் பிளக்கிறது. விலை உயர்ந்ததென்பதாலேயே ஒரு பெட்டி இதிலிருந்து தப்பிவிடாது. கொக்கோ எங்கே விளைந்தது, விவசாயிக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று பெட்டியிலே எழுதும் உற்பத்தியாளரும் உண்டு. அப்படியானதென்றால், பெரியவர் தமக்கென வாங்குவதையும் நான் குறைகூற மாட்டேன். எழுதாத பெட்டியை அலுமாரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பெட்டி கிடைக்காத எங்களூர்ப் பிள்ளைகளுக்கு வெண்கட்டி இருக்கிறது. 24 கோடுகளைக் கீறுமுன், கதவின் பூச்சில் அது அழிகிறதா என்று ஒரு மூலையில் பார்த்துக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் அம்மாவிடம் ஏச்சு வாங்க நேரிடும்.