சாலைக்கு அடியில் ஒரு தளபதி

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், 40ஆம் எண் நெடுஞ்சாலையோரம் ஒரு கருங்கல் நினைவுச்சின்னம் நிற்கிறது. 1913இல் வைத்தது. ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் பிராடக்கின் கல்லறை அது. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் கல்லறை இருக்குமிடம் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்றுதான் அவரை முதலில் புதைத்தார்கள்.

இன்றைய பிட்ஸ்பர்க் இருக்குமிடத்தில் அன்று பிரெஞ்சுக்காரர்களின் டுகேன் கோட்டை இருந்தது. அதைப் பிடிக்க 1755இல் மேரிலாந்திலிருந்து பிராடக் கிளம்பினார். பீரங்கி வண்டி போக வழி வேண்டுமே! நெமகோலின் என்ற டெலவேர் பழங்குடித் தலைவரின் பெயரால் அறியப்பட்ட காட்டுத்தடத்தை, மரம் வெட்டி 12 அடி அகலச் சாலையாக்கிக்கொண்டே படை நகர்ந்தது. மேட்டையெல்லாம் நிரவி, ஓடைக்கெல்லாம் பாலம் போட்டு, 12 மைல் போக 4 நாள் ஆகிறதென்று கூடப் போன ஜார்ஜ் வாஷிங்டன் தன் தம்பிக்கு எழுதி அலுத்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 23.

ஜூலை 9. மொனங்கஹீலா ஆற்றைக் கடந்த கொஞ்ச நேரத்தில் காட்டுக்குள்ளிருந்து குண்டுகள் பாய்ந்தன. பிரெஞ்சுக்காரர்களும் பூர்வகுடி வீரர்களும் மர மறைவில். சிவப்புச் சட்டை போட்ட பிராடக்கின் சிப்பாய்களோ பயிற்சியில் கற்றபடியே வரிசை கட்டி வெட்டவெளியில். முன்னணிப்படையில் சுமார் 1,300 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள்.

குண்டடிபட்ட பிராடக் 4 நாள் கழித்து இறந்தார். எதிரிகள் உடலைத் தோண்டிவிடக் கூடாதென்று, அவரே போட்ட சாலையின் நடுவில் குழி வெட்டினார்கள். ஜெபம் சொன்னது வாஷிங்டன். பிறகு பின்வாங்கிய படையும் வண்டிகளும் அதன்மேலேயே ஏறிப்போயின. மண்ணைக் கிளறிய தடம் சக்கரத் தடத்தில் கலந்துவிட்டது. கெட்டிக்காரத்தனம்தான், மறுப்பதற்கில்லை.

1804இல் சாலையைச் செப்பனிட்ட கூலியாட்கள் கண்ணில் எலும்புகள் பட்டன. தளபதியுடையவைதான் என்று நம்பி, பக்கத்து மேட்டில் மறுபடி அடக்கம் செய்தார்கள். அங்கேதான் இன்றைய கருங்கல் நிற்கிறது.

கோடரி பிடித்து அந்தச் சாலையை வெட்டிய சிப்பாய்களின் கதை வேறு. செத்த இடத்திலேயே, வெயிலிலும் பனியிலும், அவர்கள் எலும்பு 3 வருடம் கிடந்தது. 1758இல் அதே டுகேன் கோட்டையைப் பிடிக்க, பிரிட்டிஷ் தளபதி ஜான் ஃபோர்ப்ஸின் படை வேறொரு சாலை வெட்டிக்கொண்டு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைக் கொளுத்திவிட்டு ஓடினார்கள். அதன் பிறகுதான் ஃபோர்ப்ஸின் ஆட்கள் ஆற்றங்கரைக்குப் போய், எது யாருடையது என்று பிரிக்க வழியில்லாமல், கிடைத்ததை அள்ளி மொத்தமாகப் புதைத்தார்கள்.