விட்டுவிட்டால் சரியாகிவிடுமா?

நான் சைவம். ஆனாலும் ஜெஞ்சாரோம் பசங்களோட தூண்டில் போடப் போவேன். பிடித்த மீனை விட்டுவிடுவதால் அது ஹிம்சை இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

செமஸ்டர் விடுமுறையில் பேராக், தெமெங்கோர் ஏரிக்குப் போனோம், தோமான் பிடிக்க. விரால் இனம்தான், ஒரு மீட்டர்கூட வளரும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சுவிடும். அந்தக் குமிழிகளைக் காட்டி, "அங்கே வீசு" என்றார் வழிகாட்டி. அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். இறகு கட்டிய கொக்கியை அது பசியால் கடிப்பதில்லை. பிள்ளைகளைக் காக்கக் கடிக்கிறது.

கடித்தது. பத்து நிமிடம் இழுத்தேன். படம் எடுத்து, விட்டேன்.

"விட்டாச்சே, அப்புறம் என்ன பாவம்?" என்றான் நண்பன். அந்தப் பத்து நிமிடம் குஞ்சுகளுக்குக் காவல் குறைந்ததே? சமைக்கப் பிடிக்கிறவனுக்காவது பசி என்று ஒரு காரணம் உண்டு. எனக்கு?

அடுத்த குமிழி தெரிந்தது. நான் வீசவில்லை. நண்பன் வீசினான்.