பதினெட்டு வயதுக்குப் பின்

ஜான் அப்டைக்கின் ‘ராபிட், ரன்’ (1960) நாவலைப் படித்தவர்களில் அநேகம் பேர் ஹாரி ஆங்ஸ்ட்ரமை வளராத பையன் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு சுலபமாகப் படவில்லை. பென்ஸில்வேனியாவின் ஒரு சிற்றூர் ஹைஸ்கூலில் கூடைப்பந்து ஆடியவன். கடைசி வருஷம் அவன் எடுத்த பாயிண்டுகளைத் தாண்ட இன்னொருவனுக்கு நாலு வருஷம் பிடித்தது. இருபத்தாறு வயதில், காய்கறித் தோல் சீவும் கருவி ஒன்றைக் கடைகளில் செய்துகாட்டி விற்றுக்கொண்டிருக்கிறான். நாவல் தொடங்கும்போது, சந்தில் பந்தாடும் சிறுவர்களோடு ஆபீஸ் சூட்டோடேயே போய்ச் சேர்ந்துகொள்கிறான். அவன் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. கை மட்டும் எதையும் மறக்கவில்லை.

இதே மாதிரி ஒருவனைப் பெட்ரோல் பங்கில் வேலை பார்ப்பவனாக வைத்து அப்டைக் முன்பே ஒரு கவிதை எழுதியிருக்கிறார். அது இரக்கத்தோடு நின்றுவிடுகிறது. நாவல் நிற்கவில்லை.

இங்கே பிரச்னை புகழ் அல்ல. கைதட்டல் போனால் போகட்டும். பந்து வளையத்தில் விழுந்ததா இல்லையா என்பது அந்தக் கணமே தெரிந்துவிடுகிறது. அபிப்பிராயத்துக்கு அதில் இடமில்லை. கல்யாணம், உத்தியோகம், பிள்ளை வளர்ப்பு எதிலும் இந்த நிச்சயம் கிடையாது. ஒன்றை முதல் தரமாகச் செய்தவனுக்கு இரண்டாம் தரம் ருசிப்பதில்லை என்கிற அர்த்தத்தில் ஹாரியே பாதிரியாரிடம் பேசுகிறான். இதை அகம்பாவம் என்பவர்கள் எதையாவது முதல் தரமாகச் செய்து பார்த்தவர்கள்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.

கிரேக்கர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஹெரோடோட்டஸ் சொல்லும் கதையில், மனிதரில் பாக்கியசாலி யார் என்ற கேள்விக்கு ஸோலோன் இரண்டாவது இடம் தருவது ஆர்கோஸ் நகரத்துச் சகோதரர் இருவருக்கு. போட்டிகளில் பரிசு வென்றவர்கள். மாடுகள் வந்து சேராததால் தாயின் வண்டியைத் தாங்களே இழுத்து ஹேரா கோவிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, அங்கேயே தூங்கி, எழுந்திருக்கவில்லை. ஹவுஸ்மனும் 1896ல் வெளியான கவிதையில், இளமையில் செத்துப்போன ஓட்டக்காரனைப் புத்திசாலி என்கிறார். காலேஜில் எனக்கு மிகவும் பிடித்திருந்த கவிதை. இப்போது அதில் ஏதோ ஒரு சௌகரியம் தெரிகிறது. அடுத்த நாள் காலையைப் பற்றி எழுதவேண்டிய அவசியமில்லாத சௌகரியம்.

ஹாரி சாகவில்லை. அவன் குழந்தை சாகிறது. அவன் மறுபடியும் வீட்டை விட்டுப் போன மறுநாள், குடித்திருந்த மனைவியின் கையிலிருந்து நழுவிக் குளிக்கும் தொட்டியில் மூழ்கிப்போகிறது. அடக்கம் நடக்கும் இடத்தில் எல்லோர் முன்பும், கொன்றது தான் இல்லை என்கிறான். ஃபவுல் தன்னுடையதல்ல என்று நடுவரிடம் முறையிடுகிற மாதிரி. பிறகு ஓடுகிறான். அவன் சொன்னது பொய்யில்லை. தரம் வேண்டுமென்று கேட்டதும் குற்றமில்லை. ஆனால் அதை ஒரு பெண்ணிடமும் தொட்டிலிலும் போய் வசூலிக்க முடியுமா? அவனுக்குத் தெரிந்த ஒரே கணக்கில் அவர்களுக்கு இடமே இல்லை.

இதை இந்தப் பத்திரிகையில் எழுதக் காரணம் இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் நாலு நல்ல கவிதை எழுதியவர்கள் நமக்குள்ளும் இருக்கிறார்கள். விளையாட்டுக்காரனுக்கு முழங்கால் சொல்லிவிடும். நமக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. முன்னுரை எழுதிக்கொண்டு, கூட்டங்களுக்குத் தலைமை வகித்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். ரிம்போ இருபதை ஒட்டி எழுத்தை விட்டு, பிறகு ஏடனுக்கும் ஹராருக்கும் வியாபாரத்துக்குப் போனதை துக்கமாகவே சொல்கிறோம். அவர் நமக்கு மிச்சம் வைத்த தர்மசங்கடத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

அப்டைக் ஹாரியை முப்பது வருஷம் விடவில்லை. 1990ல் வந்த ‘ராபிட் அட் ரெஸ்ட்’டில் அவனுக்கு ஐம்பத்தாறு வயது, பருத்த உடம்பு, கெட்டுப்போன இருதயம். ஃப்ளாரிடாவில் முன்பின் தெரியாத ஒரு பையனோடு மண் தரையில் பந்தாடுகிறான். கடைசியாக எம்பிப் போடுகிறான். பந்து வளையத்துக்குள் இறங்குகிறது. அதைக் கையில் பிடிக்கும் பையனின் கால்மேல் அவன் வந்து விழுகிறான்.