பழி யார்மீது?

மார்கழி விடுமுறையில், நண்பர் நால்வரோடு சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் நோக்கி நடந்தேன். பனி போர்த்திய வயல்கள், கதிர் முற்றும் சம்பா, கிள்ளையை அடுத்த குடிசைகள், அப்பால் அலையாத்திக் காடு! சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம், சுரபுன்னைக்கும் வெண்கண்டலுக்கும் துணையாக இங்கேதான் நிற்கிறது.

எழில் கண்டு இன்புற்றோம். ஆனால், எழிலினும் மேலான பாடம் ஒன்று அந்தக் காட்டிலே இருக்கிறது.

முன்னொரு காலத்தில் காட்டின் உட்பகுதி பட்டுப்போயிற்று. காரணம் யார்? மாடு மேய்ப்பவன், விறகொடிப்பவன் என்றனர்! கரையோரக் குடிசையிலே வாழ்பவன். மறுத்துரைக்க மன்றம் ஏறாதவன். பழியை ஏற்றிவைக்க அவன் முதுகினும் வசதியான இடம் வேறு உண்டோ?

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்ணையும் நீரையும் ஆராய்ந்தனர். உண்மை வெளிப்பட்டது. நெடுங்காலம், அரசின் திட்டப்படியே, பகுதி பகுதியாக மரங்கள் அடியோடு வெட்டப்பட்டிருந்தன. நிழலிழந்த சேறு வெயிலிலே காய்ந்து தாழ்ந்தது, தட்டுப்போல் குழிந்தது. ஓதத்தோடு புகுந்த நீர் வடிய வழியின்றித் தேங்கிற்று; ஆவியாயிற்று; உப்பு மிகுந்தது; கன்று கருகிற்று. மேய்ச்சலால் தீங்கே இல்லை என்பதன்று, முதற்காரணம் அதுவன்று.

நோய் தெரிந்தது, மருந்தும் தெரிந்தது! மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினர். ஓதம் வந்து வடிந்தது, காடு மீண்டது. மீட்ட கரங்களிலே ஊராரின் கரங்களும் இருந்தன. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, அந்தக் காடு தன் பின்னிருந்த சிற்றூர்களுக்கு அரணாயிற்று.

"பழித்தவர்கள் தீயவர்கள் அல்லரே! காடு வாழவேண்டும் என்ற நல்லெண்ணத்தாலன்றோ சொன்னார்கள்?" என்று கேட்கலாம். இருக்கட்டும். நல்லெண்ணம், ஆராய்ச்சி செய்யவேண்டிய வேலையைச் செய்துவிடுமா? தவறான காரணத்தை நம்பியிருந்தால் காடும் பிழைத்திராது, ஏழையும் பழியினின்று மீண்டிருக்கமாட்டான். ஆராயாது பழிப்பது அறிவுக்கு இழுக்கு மட்டுமன்று, அறத்துக்கும் இழுக்கு.

தோழர்களே! வறுமைக்கு விதியைக் காட்டுபவர், நோய்க்கு முன்வினையைக் காட்டுபவர், படிப்பில் பின்தங்கிய சிறுவனுக்கு அவன் குலத்தைக் காட்டுபவர் ஆகிய எல்லோரும் செய்வது ஒன்றே. காரணம் தேடும் உழைப்புக்கு அஞ்சி, பழிசுமக்க ஆள் தேடுகிறார்கள்.

எளியவனை நோக்கி விரல் நீளும்போதெல்லாம் அமைதியாக ஒன்று கேளுங்கள்: "சான்று எங்கே?" அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவே பகுத்தறிவு, கேட்டபின், விடை கிடைக்கும்வரை உழைப்பதே அறம்.