சிபாரிசும் சாட்சியமும்

ஆண்டின் இறுதி மாதங்களில் கல்லூரி ஆசிரியர்களின் இல்லம் தேடி மாணவர் சிலர் வருவதுண்டு. அமெரிக்க ஆய்வுப் பல்கலைக் கழகங்களில் முனைவர் பட்டத்திற்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் அவர்கள். மதிப்பெண் பட்டியலும், ஆராய்ச்சி நோக்கத்தை விளக்கும் கட்டுரையும், பெரும்பாலும் மூன்று ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதங்களும் விண்ணப்பத்துடன் கேட்கப்படுகின்றன. முன்னிரண்டும் மாணவர் கையில் உள்ளவை. மூன்றாவதற்காகத்தான் அவர்கள் படியேறி வருகிறார்கள்.

“நீயே எழுதிக்கொண்டு வா, கையொப்பமிட்டுத் தருகிறேன்” என்று சொல்லி அனுப்பும் வழக்கம் நம் கல்லூரிகளில் வேரூன்றிவிட்டது. காகிதக் கடிதம் போய், இணையத்தின் வழியே ஆசிரியர் தாமே அனுப்பவேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. ஆயினும் வழிதான் மாறிற்றேயன்றி வழக்கம் மாறவில்லை. இன்றோ, கேட்ட மாத்திரத்தில் கணினியே புகழுரை தீட்டித் தருகிறது.

நாமும் இக்குறையினின்று நீங்கியவர்கள் அல்லோம். சில ஆண்டுகளுக்கு முன் தந்தையை இழந்த ஒரு மாணவர் இவ்வாறு ஒரு கடிதம் கொண்டுவந்தார். நற்குணம் வாய்ந்தவர், குடும்பமே அவரை நம்பியிருந்தது. சோதனைக்கூடத்தில் அவர் காட்டிய தனித்திறனை நாம் நேரில் கண்டு வியந்ததாக அக்கடிதம் கூறிற்று. சோதனைக்கூடத்தில் அவரை நாம் கண்டதே இல்லை. இரக்கம் மேலிட ஒப்பமிட்டோம். அவருக்கு இடம் கிடைத்தது. அதே ஆண்டு அதே துறைக்கு விண்ணப்பித்த மற்றொரு மாணவருக்கு, அவரை நன்கறிந்திருந்தமையால், உள்ளதை உள்ளபடி அளவாக எழுதினோம். அவருக்கு இடம் கிடைக்கவில்லை. நம் கடிதந்தான் காரணம் என்று சொல்ல இயலாது. காரணமில்லை என்று சத்தியம் செய்யவும் நமக்கு நா எழவில்லை.

இதில் என்ன பெருங்குற்றம், ஓர் ஏழை மாணவனைக் கைதூக்கிவிடுவது நன்மையன்றோ என்று கேட்கலாம். நன்மைதான். நற்காரியத்திற்குப் பரிந்து பேசுபவருக்கு அதன் பயனில் பங்குண்டு எனத் திருமறையின் அந்நிஸா அத்தியாயம் உணர்த்துகிறது. தீயதற்குப் பரிந்து பேசுபவருக்கும் அதில் பங்குண்டு என்று அவ்வசனமே எச்சரிக்கிறது. அதே அத்தியாயம் பிறிதோரிடத்தில், தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாயினும் நீதியுடன் சாட்சி பகருமாறு பணிக்கிறது. பரிந்து பேசுதல் வேறு, சாட்சி பகருதல் வேறு. முன்னது உள்ளத்தின் கனிவிலிருந்து பிறக்கலாம்; பின்னது அறிந்ததிலிருந்து மட்டுமே பிறக்கவேண்டும். பெயரளவில் சிபாரிசாக இருப்பினும் பல்கலைக் கழகம் கேட்பது சாட்சியத்தையே. இவரை எவ்வளவு காலமாக, எந்த வகையில் அறிவீர் என்பதல்லவா அவர்களின் முதல் வினா?

பெரும் பாவங்களை எடுத்துரைத்த வேளையில், சாய்ந்திருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நிமிர்ந்தமர்ந்து, பொய்ச் சாட்சியத்தைத் திரும்பத் திரும்பக் கூறி எச்சரித்தார்கள் என்பது நாம் அறிந்த ஹதீஸ். அந்த எச்சரிக்கையை நம் முன்னோர் எவ்வாறு ஏற்றனர்? இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் ஆசிரியர்களுள் ஒருவர், ஹிஜ்ரி 234இல் மறைந்த அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்கள். ஹதீஸ் அறிவிப்பாளர்களின் தரத்தை எடைபோடுவதில் வல்லவரான அவரிடம் அவருடைய தந்தையைப் பற்றியே கேட்கப்பட்டது. பிறரிடம் கேளுங்கள் என்று முதலில் ஒதுங்கினார். மீண்டும் வற்புறுத்தவே, இது மார்க்கத்தின் விஷயம் எனக் கூறி, தம் தந்தை ஹதீஸில் பலவீனமானவர் என்று சாட்சி சொன்னார். பெற்ற தந்தைக்கு அவர் தர மறுத்த புகழை, பெயரளவில் அறிந்த மாணவனுக்கு நாம் ஒரு நிமிடத்தில் தந்துவிடுகிறோம்.

இதில் வேறொரு சிக்கலும் உண்டு. மாணவர் தம் கல்விப் பதிவுகளைப் பார்வையிடும் உரிமையை அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று வழங்கிற்று. சிபாரிசுக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை அவர் துறக்கவும் அச்சட்டம் இடமளிக்கிறது. துறந்தால்தான் ஆசிரியர் மனந்திறந்து எழுதியதாகக் கருதுவர் என்பதால், விண்ணப்பிப்போர் பெரும்பாலும் துறந்துவிடுகின்றனர். தானே எழுதிய கடிதத்தைப் பார்க்கமாட்டேன் என்று ஒப்பமிடும் இளைஞனை எண்ணிப் பாருங்கள்! உண்மையைத் தேடும் பணிக்கு அவன் எடுத்துவைக்கும் முதல் அடியே பொய்யாக அமைகிறது. அவன் கையைப் பிடித்து அந்த அடியை எடுத்துவைக்கச் செய்பவர் அவனுடைய ஆசிரியர்.

மேலும், அங்கு முனைவர் பட்ட மாணவர் பலருக்குக் கல்விக் கட்டணம் நீக்கப்பட்டு உதவித் தொகையும் தரப்படுகிறது. ஆகவே இடங்கள் சிலவே. ஒருவருக்கு மிகையாக அளந்தால் முகமறியாத இன்னொருவருக்குக் குறைத்து அளந்ததாகும். அடியார்களின் உரிமையில் செய்த பிழையை அந்த அடியாரே மன்னிக்கவேண்டும் என்பார்கள் நம் உலமாக்கள். அந்த முகமறியாதவரை நாம் எங்கே போய்த் தேடுவது?

அப்படியாயின், அறுபது பேர் அமர்ந்த வகுப்பில் ஒரு மூலையில் இருந்து படித்து, எந்த ஆசிரியரும் அறியாமல் வெளியேறும் மாணவன் என்ன செய்வான்? இது புறக்கணிக்கத்தக்க கேள்வியன்று. 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுக அலுவலகத்தின் எழுத்தர் ஒருவர் கேம்பிரிட்ஜ் விரிவுரையாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தமக்குப் பல்கலைக் கழகப் படிப்பு இல்லை என்பதையும், தம் சொற்ப ஊதியத்தையும் மறைக்காமல் எழுதி, தாம் கண்ட கணித முடிவுகளை உடன் வைத்தார். மறு ஆண்டு சீனிவாச இராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எல்லாரும் இராமானுஜன் அல்லர், அது உண்மையே. எனினும் இல்லாததை இல்லை என்று சொல்லி, உள்ளதை முன்வைக்கும் வழி எவருக்கும் திறந்திருக்கிறது.

ஆசிரியர் செய்யத்தக்கதும் உண்டு. மாணவர் தம் மதிப்பெண், செய்த பணிகள், படித்த நூல்கள் ஆகியவற்றைக் குறித்துக் கொடுப்பதில் தவறில்லை. தகவல் மாணவருடையதாக இருக்கலாம். தீர்ப்பு ஆசிரியருடையதாகவே இருக்கவேண்டும். அவரை ஒரு மணிநேரம் எதிரில் அமர்த்தி, செய்த ஆய்வைப் பற்றி வினவினால் எழுதுவதற்கு உண்மையான நான்கு வரிகள் கிடைக்கும். அப்போதும் எழுத ஏதுமில்லையெனில், உன்னை நன்கறிந்த வேறு ஆசிரியரை நாடு என்று சொல்வதே அவருக்குச் செய்யும் உதவி.

அன்று ஒப்பமிட்ட கை நம்முடையது. அதன் பின்னர் அந்த ஒரு மணிநேரத்தை ஒதுக்காமல் எந்தக் கடிதத்திலும் நாம் ஒப்பமிடுவதில்லை. சிலர் மனம் கசந்து திரும்பியிருக்கிறார்கள். அந்தக் கசப்பை ஏற்றுக்கொள்கிறோம். கரங்களே சாட்சி பகரும் அந்நாளில் நம் கரங்கள் நமக்கு எதிராகப் பேசாதிருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!