பகிர்கிறவன் சாட்சி சொல்கிறான்



இரவுச் செபம் முடிந்து, அம்மா குசினியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருக்கும் வேளை. மகன் கைத்தொலைபேசியுடன் தகப்பனிடம் ஓடி வருகிறான். “அப்பா, இதை ஒருக்காப் பாருங்கோ.” அவன் விரும்பி விளையாடும் வீடியோ விளையாட்டின் ஒரு துண்டுக் காட்சி அது. ஓடி முடிய அரை நிமிடந்தான். “பிறகு பாப்பம், போய்ப் படி” என்கிறார் தகப்பன். பிள்ளை திரும்பிப் போகிறான். அடுத்த நிமிடம் அதே காட்சி அவனுடைய பத்து நண்பர்களிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நம் இல்லங்களில் நாளாந்தம் நடக்கும் காரியம் இது.

இந்தப் பிள்ளை செய்தது குற்றமா? லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில், காணாமற்போன வெள்ளி நாணயத்தைத் தேடிய பெண்ணைப் பற்றி ஆண்டவர் கூறுகிறார். அவள் விளக்கேற்றி, வீட்டைக் கூட்டி, கிடைக்கும்வரை தேடுகிறாள். கிடைத்ததும் தோழியரையும் அயலவரையும் கூப்பிட்டுத் தன்னோடு சேர்ந்து மகிழச் சொல்கிறாள். கண்டெடுத்த மகிழ்ச்சியைத் தனக்குள் பூட்டி வைக்க அவளால் முடியவில்லை. மனிதனின் மனதை இறைவன் அப்படித்தான் படைத்திருக்கிறார். ஆகவே ஒரு புதினத்தைக் கண்டு பிறருக்குக் காட்ட விரும்புவது பாவமன்று. ஆனால் அந்தப் பெண் தானே தேடினாள், தன் கையிலேயே நாணயத்தை வைத்திருந்தாள், அதன் பிறகே அயலவரை அழைத்தாள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வீடியோ விளையாட்டு உலகிலும் இதற்கொப்பான ஒரு சம்பவம் உண்டு. அமெரிக்காவின் அட்டாரி நிறுவனத்தில் வொறன் றொபினெற் என்பவர் வேலை செய்தார். விளையாட்டுகளை ஆக்கியவர்களின் பெயரை வெளியிடுவது அந்நாளில் அந்நிறுவனத்தின் வழக்கமன்று. உழைத்தவர் ஒருவர், வெளியில் தெரிவது நிறுவனத்தின் பெயர் மாத்திரம். ஆகவே அவர் தாம் ஆக்கிய ‘அட்வென்ச்சர்’ என்ற விளையாட்டுக்குள் எவருக்கும் சொல்லாமல் ஓர் இரகசிய அறையை வைத்தார். பின்னணியின் நிறத்திலேயே மறைந்து கிடக்கும் ஒரு சிறு புள்ளியைக் கண்டெடுத்து, உரிய இடத்துக்குக் கொண்டுபோனால், அந்த அறைக்கு வழி திறக்கும். உள்ளே, இதை ஆக்கியவர் இன்னார் என்று அவருடைய பெயர் எழுதியிருக்கும். பின்பு அவர் அந்த வேலையை விட்டுப் போய்விட்டார்.

1980ஆம் ஆண்டு சோல்ற் லேக் சிற்றி நகரத்தைச் சேர்ந்த 15 வயதுப் பையன் ஒருவன் அந்த அறையைக் கண்டுபிடித்து, அந்நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினான். அதை அழித்துவிடாமல் அப்படியே விட்டுவிட அங்கே தீர்மானித்தார்கள். உயிர்ப்புப் பெருவிழாவில் பிள்ளைகள் ஒளித்துவைத்த முட்டைகளைத் தேடும் மேலைநாட்டு வழக்கத்தை நினைத்து, அதற்கு ‘ஈஸ்டர் முட்டை’ என்று பெயரும் வைத்தார்கள். விளையாட்டுகளில் ஒளிந்திருக்கும் இத்தகைய புதினங்களுக்கு இன்றும் அதுவே பெயர்.

அந்தப் பையன் தன் கண்ணால் கண்டதையே எழுதினான். அதனால் மறைக்கப்பட்டிருந்த ஒரு தொழிலாளியின் பெயர் வெளிச்சத்துக்கு வந்தது. நல்ல சாட்சி செய்கிற வேலை இதுதான்.

இனி மற்ற வகையைப் பாருங்கள். ‘ஆர்மா 3’ என்று ஒரு போர் விளையாட்டு உண்டு. செக் நாட்டின் போகீமியா இன்ரறக்ரிவ் நிறுவனம் ஆக்கியது. 2022இல் உக்ரேன் போரின் காலத்திலும், 2023இல் காசாப் போரின் காலத்திலும், இந்த விளையாட்டின் துண்டுக் காட்சிகளை உண்மையான போர்க்களப் படங்கள் என்று ஆயிரமாயிரம் பேர் பரப்பினார்கள். மங்கலான படம், நடுங்கும் கமரா, இரவு நேரம், ஓசையில்லாமை, நடமாடும் மனிதர் இல்லாமை ஆகியவற்றைக் கண்டால் ஐயப்படுங்கள் என்று 2022 நவம்பரில் அந்நிறுவனமே எச்சரிக்க நேர்ந்தது. அதைப் பகிர்ந்தவர்களிற் பலர் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். ஆனால் போர்முனையில் பிள்ளையை விட்டுவிட்டு வீட்டில் காத்திருக்கும் ஒரு தாயின் கண்ணில் அது பட்டால் அவள் நெஞ்சு என்ன பாடுபடும்? போரின் கொடுமையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2023 மார்ச்சில், பாப்பரசர் பிரான்சிஸ் பருத்த வெள்ளை மேலங்கி அணிந்து நிற்கும் படமொன்று உலகெங்கும் சுற்றியது. அது செயற்கை நுண்ணறிவினால் உண்டாக்கிய படம். அந்த மேலங்கியை அவர் அணிந்ததேயில்லை. சிரித்தவர்களும் உண்டு, உண்மையென்று நம்பியவர்களும் உண்டு.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று நம் ஆலயங்களில் இரத்தம் சிந்தப்பட்ட அந்த நாளில், பொய்ச் செய்திகள் பரவுவதைத் தடுக்கவென்று நம் நாட்டு அரசு முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. ஒரு விரல் அசைவில் அனுப்பும் செய்தி அயல்வீட்டில் நெருப்பு வைக்கும் என்ற அச்சம் அன்று நாட்டையே பிடித்திருந்தது.

பத்துக் கட்டளைகளில் எட்டாவது, பொய்ச்சாட்சியை விலக்குகிறது. “எனக்கு வந்தது, நானும் அனுப்பினேன்” என்று சொல்லித் தப்பிக்கொள்ள முடியுமா? நீதிமன்றத்தில் ஒரு சாட்சி, “யாரோ சொன்னார்கள், அதைத்தான் சொல்கிறேன்” என்றால் நீதிபதி ஏற்பாரா? நாம் ஒன்றை அனுப்பும்போது நம் பெயரும் அதனோடு போகிறது. நம்மை நம்புகிறவர் அதையும் நம்புகிறார். எனவே அனுப்புமுன் மூன்று கேள்விகளை மனச்சாட்சியிடம் கேளுங்கள். இது உண்மையென்று எனக்குத் தெரியுமா? இதை ஆக்கியவருக்குரிய பெயரை நான் மறைக்கிறேனா? இது போய்ச் சேரும் வீட்டில் மகிழ்ச்சியைத் தருமா, காயத்தைத் தருமா?

இளைஞர்களே, இதற்கு உங்கள் வயதிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1991இல் பிறந்து 2006இல் தமது 15ஆம் வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த கார்லோ அக்குத்திஸ், உங்களைப் போலவே வீடியோ விளையாட்டை விரும்பியவர். தம் வீட்டு நாய்களைப் படம்பிடித்து வேடிக்கைக் காட்சிகள் செய்தவர். ஆனால் விளையாட்டுக்கு வாரத்தில் ஒரு மணித்தியாலம் என்று தமக்குத்தாமே அளவு வைத்தார். நற்கருணைப் புதுமைகளைப் பற்றிய விபரங்களைத் தேடித் திரட்டி, இணையத்தின் வழியாக எல்லோருக்கும் கிடைக்கச் செய்தார். 2025 செப்டம்பர் 7ஆம் திகதி, திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார். தேடிக் கண்டதைப் பிறரோடு பகிர்ந்த ஒரு பையனையே திருச்சபை பீடத்தில் ஏற்றியிருக்கிறது.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மகன் கொண்டுவந்த விளையாட்டுக் காட்சி உங்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அவன் தன் மகிழ்ச்சியை முதலில் உங்களிடமல்லவா கொண்டுவந்தான்! இன்று அதைப் பார்க்க மறுத்தால், நாளை ஒரு பயங்கரக் காட்சியோ, ஒருவரை இழிவுபடுத்தும் படமோ அவன் கைக்கு வரும்போது, “இது உண்மையா அப்பா?” என்று கேட்க உங்களிடம் வருவானா? வேடிக்கையை உங்களோடு பகிர்ந்து பழகிய பிள்ளைதான் ஐயத்தையும் அச்சத்தையும் உங்களோடு பகிர்வான்.

ஆகவே இன்றிரவு அவன் வந்து “இதை ஒருக்காப் பாருங்கோ” என்று சொன்னால், கையிலிருக்கும் இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள். அவனோடு சேர்ந்து சிரியுங்கள். பிறகு, “இதை யார் செய்தது மகன்? உனக்கு எப்படித் தெரியும்?” என்று அன்போடு கேளுங்கள். உண்மையைத் தேடவும், தேடிக் கண்டதை அன்போடு பகிரவும் ஆண்டவர் நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் அருள்புரிவாராக.